சதை பிடிக்கிற பால்

ரேஷன் கடையில் மாவு நிறுக்கிற தராசில்தான் கைக்குழந்தை மைசமை நிறுத்தோம். ஊரில் அதைவிட நேர்மையான தராசு கிடையாது என்று கடைக்கார மத்லூப் சொல்லிக்கொள்வார். மாவு நிறுக்கும்போது அவர் கட்டைவிரல் எங்கே இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் குழந்தையை நிறுக்கும்போது மட்டும் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தட்டில் துணியை விரித்துக் குழந்தையைக் கிடத்தி, துணியின் எடையையும், கண்ணேறு படாமல் இருக்க அவன் சட்டையில் குத்தியிருந்த ஏழு கண் போட்ட நீலப் பீங்கான் வில்லையின் எடையையும் கழித்துச் சொல்வார். அன்றைக்கு முள் போன வாரம் நின்ற இடத்திலேயே வந்து நின்றது. அவர் முள்ளைச் சுண்டிப் பார்த்தார். அது ஆடிவிட்டு அங்கேயே வந்தது.

"ஏறலம்மா," என்றார், என்னைப் பார்க்காமல்.

என் ஓரகத்தி ஹஸ்னா தன் குழந்தையின் முகத்தைத் துணியால் மூடி எடுத்துக்கொண்டாள். மாவுக்கு வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அந்தத் துணியையே பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஷுக்ரியா, என் காதில் விழவேண்டும் என்றே, "மனசில்லாமக் குடுக்கற பாலு உடம்புல எங்க ஒட்டும்?" என்றாள்.

"உன் வீட்டு மாட்டுக்கு மனசு இருக்கான்னு கேட்டுட்டா கறக்கற?" என்றேன். "வேணும்னா வந்து குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லு."

வரிசை சிரித்தது. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். அதனால் நான் வீட்டுக்கு வந்து, தந்தூர் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதால் யாரும் நம்பப்போவதில்லை. ஆனால் அழுதேன். என் மகள் நஜ்லாவின் பங்கில் பாதியைப் பிடுங்கி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நஜ்லா பசித்துக் கத்துவாள். அவன் குடிப்பான். குடித்ததெல்லாம் எங்கே போகிறது?

எங்கள் வீடு இரண்டு குடும்பத்துக்கு ஒரே முற்றம். என் புருஷன் லஃப்தா பள்ளிக்கூட வாத்தியார். நாட்டின் மேல் பொருளாதாரத் தடை வந்து சம்பளம் செல்லாக்காசான பிறகு மத்தியானத்துக்கு மேல் மண்ணெண்ணெய் விற்கிறார். அவர் தம்பி ஃபாலிஹ் நாசிரிய்யாவுக்கு வேன் ஓட்டுகிறான். ஹஸ்னா அவன் மனைவி. கல்யாணமாகி ஏழு வருஷம் வயிறு திறக்காமல் இருந்தவள். நான் மூன்று பையன்களுக்குப் பிறகு நான்காவதைச் சுமந்துகொண்டிருந்தபோது அவளுக்கும் தங்கியது. அண்ணனும் தம்பியும் சந்தோஷத்தில் முற்றத்துப் பேரீச்சை மரத்தடியில் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்துவிட்டார்கள். ஒன்று பெண்ணும் ஒன்று ஆணுமாகப் பிறந்தால் வெளியே தேடப் போவதில்லை என்று. எங்கள் பக்கம் அண்ணன் பெண் மேல் முதல் உரிமை தம்பி பையனுக்குத்தான்; அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. கையோடு கை வைத்து ஃபாத்திஹாவும் ஓதிவிட்டார்கள். ஓதியாகிவிட்டால் அது விளையாட்டுப் பேச்சு இல்லை.

வசந்தத்தில் எனக்கு நஜ்லா பிறந்தாள். ஹஸ்னா தன் பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் என் அறைக்கு வருவாள். "என் மருமவ எங்க? என் வீட்டு வெளக்கு எங்க?" என்று தொட்டிலிலிருந்து அவளை அள்ளிக்கொள்வாள். தன் வயிற்றின் மேல் அவளைப் படுக்கவைத்து, "உள்ள யாரு இருக்கான்னு கேளுடி மருமவளே," என்பாள். வயிற்றில் இருப்பது பையன்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பையன்தான். மருத்துவச்சி அவனைத் துடைத்து, முகத்தை மூடி, தாயிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தாள். துணியை விலக்கினேன். இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் ஆரஞ்சுப் பழம் அளவுக்குக் கட்டி. இமைகள் அதன் மேல் இழுபட்டு, நீல நரம்பு ஓடி, மினுங்கிக்கொண்டிருந்தன. கண் இல்லாமல் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கண் இருந்தது. கட்டியின் நுனியில், கறுப்பாக, ஈரமாக, மூட முடியாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. துணியை மறுபடி மூடினேன்.

"அக்கா, கையும் காலும் சரியா இருக்கா?" என்று ஹஸ்னா படுக்கையிலிருந்து கேட்டாள்.

"கையும் காலும் சரியா இருக்குடி," என்றேன். உண்மைதானே.

பாக்தாதுக்குக் கொண்டுபோனோம். ஃபாலிஹ், ஹஸ்னா, துணைக்கு நான். பெரிய ஆஸ்பத்திரியில் நரைத்த மீசை வைத்த டாக்டர் ஒருவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கட்டியின் ஓரத்தில் டார்ச் விளக்கை அழுத்திப் பிடித்தார். கட்டி முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. ஹஸ்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது அந்த நோய் இல்ல," என்றார் டாக்டர் முதலில். புற்றுநோயின் பெயரை அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. "வயித்துக்குள்ள இருக்கும்போதே கண்ணுக்குப் பின்னால வேற சதை சேந்து வளந்திருக்கு. ரொம்ப அபூர்வம். நான் இத்தன வருஷத்துல ரெண்டாவதாப் பாக்கறேன்."

"கண்ணு?" என்றான் ஃபாலிஹ்.

"கண்ணு உயிரோட இருக்கு. கட்டி அத வெளிய தள்ளிட்டிருக்கு, அவ்வளவுதான். சீக்கிரமா கட்டிய எடுத்துட்டா கண்ண அதோட எடத்துல வைக்கலாம். பார்வை வரும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அவன் கண்ணு அவனுக்கு இருக்கும்."

"அப்ப இன்னைக்கே எடுங்க."

டாக்டர் மைசமின் தொடையை இரண்டு விரலால் பிடித்துக் காட்டினார். தோல்தான் வந்தது. "இந்த உடம்புக்கு மயக்க மருந்து குடுத்தா எந்திரிக்க மாட்டான். மருந்தும் இப்ப நமக்கு நெனச்சபடி கெடைக்கறதில்ல. ஒரு கிலோ ஏத்திக் கொண்டாங்க. சதை பிடிக்கணும், எலும்பு கெட்டிப்படணும். தாய்ப்பால் மட்டும்தான். புட்டி கூடாது. உங்க ஊர்த் தண்ணிக்கு எத்தன புள்ளைங்க இங்க வந்து படுத்திருக்குன்னு வார்டுல போய்ப் பாருங்க. கண்ணு காயாம களிம்பு போடுங்க. அப்பறம் ரொம்ப நாள் ஆக்காதீங்க. கட்டி உங்களுக்காகக் காத்திருக்காது."

ஊர் திரும்பும் வழியிலேயே ஹஸ்னாவுக்குப் பால் வற்றிவிட்டது. பயந்தால் வற்றும் என்பார்கள். வெந்தயம் கரைத்துக் கொடுத்தேன், பேரீச்சம்பழமும் எள்ளும் இடித்துக் கொடுத்தேன், ஒத்தடம் கொடுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. ரேஷனில் வந்த பால் டின்னைத் திறந்தோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் கரைத்தோம். அந்த வெயிலில், எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத கரண்டில், புட்டியும் ரப்பரும் எத்தனை கழுவினாலும் புளித்த வாடை போகாது. மைசம் குடித்ததையெல்லாம் கக்கினான். மிச்சம் கீழே தண்ணீராகப் போனது.

ஃபாலிஹ் என் அறை வாசலில் வந்து நின்றான். "அண்ணி, ஒன்னு கேக்கணும்," என்றான். எனக்குத் தெரிந்துவிட்டது. என் புருஷனுக்கும் தெரிந்தது. டீக் கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்க வந்திருந்த என் அக்கா கைரியா சமையலறைக்குள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"குடுடி. அவன் வாய் தெறந்து கேக்கறதுக்கு முன்னாடி குடு," என்றாள் காதுக்குள். "உன் பால் குடிச்சா அவன் உன் புள்ள. நஜ்லாவுக்குக் கூடப்பொறந்தவன். அப்பறம் எந்த ஃபாத்திஹாவும் செல்லாது. உன் பொண்ணு தப்பிச்சா. அல்லாஹ்வே கதவத் தெறந்து விட்டிருக்கான், நீ என்னடான்னா நெலப்படியிலயே நிக்கற."

"அந்தப் பாத்திரத்தக் கழுவிட்டுப் பேசு," என்றேன். அந்த நினைப்பு எனக்கு வரவே இல்லை என்று சொன்னால் பொய். அவள் சொல்வதற்கு முன்பே வந்துவிட்டது. பெற்றவளுக்கு வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிள்ளை பசியில் விரலைச் சப்புகிற சத்தம் முற்றத்தைத் தாண்டி எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கே என் சட்டை நனைந்துவிட்டது. எது முதலில் வந்தது என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்ல?

ஃபாலிஹ் முதலில் ஊர் மதகுரு சையிதிடம் போய் மார்க்கச் சட்டம் கேட்டுவிட்டு வந்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தபோது சொன்னான்.

"ஒரு பகலும் ஒரு ராத்திரியும் வேற எதுவும் வாயில படாம அவங்க பாலையே குடிச்சா பால் உறவு வந்துரும்னாரு. இல்லன்னா, அந்தப் பாலாலதான் சதை பிடிச்சுது, எலும்பு கெட்டிப்பட்டுதுன்னு ஆனாலும் வந்துரும்."

டாக்டர் சொன்ன அதே வார்த்தை. லஃப்தா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டார். ஹஸ்னா மட்டும் குனிந்தபடியே கேட்டாள். "நடுவுல வேற எதாச்சும் வாயில பட்டா?"

"பட்டா அந்த நாள் கணக்கு போச்சு. மறுபடி மொதல்ல இருந்து."

"சரி," என்றாள் ஹஸ்னா. "அக்கா குடுக்கட்டும்."

எவ்வளவு பெரிய மனசு இவளுக்கு என்று அன்றைக்கு நினைத்தேன். புத்தி எனக்கு எப்போதும் வண்டியைவிட்டு இறங்கி நடந்துதான் வரும்.

முதல் தடவை அவனை மாரில் வைத்தபோது எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியவில்லை. இடது கையில் ஏந்தினால் கட்டி என் விலாவில் முட்டும், அவன் வலியில் வாயை விட்டுவிடுவான். கடைசியில் தலையணை அடுக்கி அவனைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, நான் குனிந்து கொடுத்தேன். இடுப்பு முறிந்தது. அவன் குடிக்கும்போது நல்ல கண்ணை மூடிக்கொள்வான், மற்றது திறந்தபடியே இருக்கும். அதற்குக் களிம்பு போடுவதும் நான்தான். நான்கு பெற்றவள் நான், எந்தப் பிள்ளையும் இப்படி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு குடித்ததில்லை. இரண்டாம் நாளே அவன் மேல் எனக்கு உயிர் ஒட்டிவிட்டது, அதை மறைப்பானேன்.

சாயங்காலம் மக்ரிப் பாங்கு சொன்னதும் ஹஸ்னா வந்து கையை நீட்டுவாள். "கொஞ்ச நேரம் எங்கிட்ட இருக்கட்டும்க்கா. அம்மா வாசம் மறந்துரப் போறான்." பெற்றவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? கொடுத்துவிடுவேன். அவள் அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். ராத்திரி இஷாத் தொழுகை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து படுக்கவைப்பாள்.

வாரங்கள் போயின. கட்டி வளர்ந்தது. இமை ஓரம் வெடித்து நீர் கசிந்தது. உடம்பு வளரவில்லை. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. "கட்டிதான்மா பாலக் குடிக்குது," என்றாள் மருத்துவச்சி. நானும் நம்பினேன். மத்லூபின் முள்ளும் ஷுக்ரியாவின் நாக்கும் சேர்ந்து என்னை அடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்த அந்த நாள்தான் எனக்கு வேறு ஒரு சந்தேகம் வந்தது. அன்றைக்கு அவனுக்குக் களிம்பு போடும்போது பார்த்தேன். கட்டியின் நுனியில் இருந்த கறுப்பு மங்கிப்போய், வெந்த மீனின் கண் மாதிரி வெளுத்திருந்தது. விரலை அதன் முன்னால் ஆட்டினேன். அசையவில்லை.

முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்த ஹஸ்னாவிடம் போனேன்.

"ஹஸ்னா, நேராக் கேக்கறேன். இவன் வாயில என் பாலத் தவிர வேற எதாவது போகுதா?"

"வல்லாஹி இல்லக்கா. வல்லாஹி, வல்லாஹி. எதுக்குக் கேக்கற?"

எங்கள் ஊரில் வல்லாஹி, அல்லாஹ் மேல் ஆணை, என்பது தக்காளி விற்கிறவன்கூட மூச்சுக்கு மூச்சு சொல்வது. அல்லாஹ் கருணை உள்ளவன், மன்னிப்பான். நாங்கள் தர்காவில் நேர்ந்துகொள்ளும் தியாகி அப்பாஸ் அப்படி இல்லை. அப்பாஸ் பெயரில் பொய்ச்சத்தியம் செய்தவனுக்கு வாய் கோணிப்போனதைக் கண்ணால் பார்த்ததாக ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார்.

"அப்பாஸ் மேல சத்தியம் பண்ணு," என்றேன்.

ஹஸ்னா துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள். "அடுப்புல அரிசி இருக்கு," என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் அரிசி இல்லை. அன்றைக்கு அரிசியே போடவில்லை.

மக்ரிப் பாங்கு ஆனதும் வழக்கம்போல் வந்து வாங்கிப்போனாள். நான் கொஞ்சம் பொறுத்து, கதவைத் தட்டாமல் திறந்தேன். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் மைசம். அவன் வாயில் புட்டி. தரையில் பால் டின்னும், ஆற்றுத் தண்ணீர்ச் சொம்பும். கொதிக்கவைக்கக்கூட இல்லை, அடுப்பு மூட்டினால் எனக்குத் தெரிந்துவிடும் அல்லவா?

எட்டிப் பிடுங்கினேன். புட்டி சுவரில் பட்டு உருண்டது.

"கொலகாரி," என்று கத்தினேன். "அந்த ஆளு புட்டி கூடாதுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டாரே! நீயும் கேட்டுட்டுத்தானே நின்ன? ஒவ்வொரு நாளும் நான் ஏத்தறத ஒவ்வொரு சாயங்காலமும் நீ எறக்கிட்டிருந்தியா?"

"ரெண்டே மடக்குதான்," என்றாள். "நாளுக்கு ரெண்டு மடக்கு. கணக்கு அறுந்தாப் போதும்னுதான்."

"எந்தக் கணக்குடி?"

"உனக்குத் தெரியாதா?" இப்போது அவள் எழுந்துவிட்டாள். அவள் என்னை எதிர்த்து நின்று நான் பார்த்ததே இல்லை. "உன் அக்கா சமையக்கட்டுல சொன்னது எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? அவன உன் புள்ளையாக்கிட்டா உன் பொண்ணு தப்பிச்சிரும். சந்தோஷமாத்தானே குடுத்த? மாரு நெறைய சந்தோஷமாக் குடுத்த!"

"நாக்கு அழுகிரும்டி உனக்கு."

"அழுகட்டும். இவன் பெரியவனாகி ஒரு வீட்டு வாசல்ல போய் நின்னா இந்த ஊர்ல எவ பொண்ணு குடுப்பா? சொல்லு. ஷுக்ரியா குடுப்பாளா? உன் அக்கா குடுப்பாளா? மாட்டேன்னு சொல்ல முடியாத பொண்ணு இந்த உலகத்துலயே இவனுக்கு ஒருத்திதான் இருக்கா. அவளையும் பாலாலயே அடிச்சுட்டுப் போயிருவ. நான் பாத்துட்டு இருக்கணுமா?"

"என் பொண்ணு என்ன வாயில்லாத ஆடா? பேசி முடிச்சதும் கயித்தப் புடிச்சு உன் வீட்டுத் தொழுவத்துல கட்டறதுக்கு?" அவளை அறைந்திருப்பேன். நிஜமாகவே கையை ஓங்கிவிட்டேன். அப்போதுதான் மைசம் அழவில்லை என்பது எனக்கு உறைத்தது. இரண்டு பெண்கள் அவன் தலைக்கு மேல் இப்படிக் கத்தியும் அவன் அழவில்லை. ஹஸ்னாவும் அதே நேரத்தில் குனிந்து பார்த்தாள். உதடு காய்ந்து, உச்சந்தலை குழி விழுந்து, துணிபோல் கிடந்தான்.

"உப்பும் சர்க்கரையும் கரைச்சுக் கொண்டா," என்றேன். "கொதிச்ச தண்ணியில."

ஓடினாள். அதற்குமேல் நாங்கள் சண்டை போடவில்லை. அவனைச் சொட்டுச் சொட்டாக மீட்டு எடுப்பதற்கே எங்களுக்கு மூச்சு சரியாக இருந்தது.

மறுநாள் விடிந்ததும் ஹஸ்னா என் அறைக்கு வந்தாள். தலையில் முக்காடு சரியாகப் போட்டு, முகம் கழுவி, விருந்துக்கு வந்தவள் போல் வந்தாள். மைசமை என் மடியில் வைத்தாள். புட்டியின் ரப்பரை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"இத தந்தூர்ல போட்டுரு அக்கா. இன்னைக்குப் பகலும் ராத்திரியும் நீயே குடு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

"நீ உக்கார வேணாம். நம்பறேன்."

"நீ நம்பறதுக்காக இல்ல," என்றாள்.

எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவன் ஒவ்வொரு தடவை வாய் வைத்ததையும் பார்த்தாள். நஜ்லாவும் அழுதால் அவளையும் எடுத்து மறு பக்கம் கொடுத்தேன், அதையும் பார்த்தாள். அவன் முகம் துடைக்கிற ஈரத் துணியில் இருந்து ஒரு சொட்டு உதட்டில் இறங்கப் பார்த்தபோது, அவளே பதறிப் பாய்ந்து முக்காட்டு நுனியால் ஒற்றி எடுத்தாள். நேற்று வரை கணக்கை அறுத்தவள் இன்றைக்கு அதைக் காவல் காத்தாள். சாயங்காலம் பாங்கு சொன்னபோது அவள் கை பழக்கத்தில் நீண்டது. நீண்ட கையை மடியில் திரும்ப வைத்துக்கொண்டாள். லஃப்தா வாசலில் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் டீ போட்டு இரண்டு கிளாஸ் வைத்துவிட்டுப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அவர் போட்ட முதல் டீ. வாயில் வைக்க விளங்கவில்லை, ஆனால் குடித்தோம்.

விடியலில் கேட்டாள். "முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது."

எழுந்து போனாள். முற்றத்தில் துடைப்பம் போடுகிற சத்தம் கேட்டது. பெருக்கின இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. என் மகள் தப்பித்தாள். அதற்கு நான் சந்தோஷப்படவேண்டும். ஆனால் அவளைக் கூப்பிடக்கூட முடியவில்லை.

அதற்குப் பிறகு வயிறு கட்டியது. மத்லூபின் முள் ஏறியது. தொடையில் முதல் மடிப்பு விழுந்த அன்று ஷுக்ரியாவே வந்து மூன்று முட்டை கொடுத்துவிட்டுப் போனாள், ஒரு வார்த்தை பேசாமல். கட்டியும் கூடவே ஏறியது. அவன் எடை ஒரு கிலோ கூடியதும் ஃபாலிஹும் ஹஸ்னாவும் அவனை பாக்தாதுக்குக் கொண்டுபோனார்கள். பால் கொடுக்க நானும் போகவேண்டும் என்றுதான் இருந்தது. நஜ்லாவுக்குக் காய்ச்சல் கண்டதால் போகவில்லை; அங்கே வார்டில் வேறொரு தாய் கொடுத்தாளாம். அப்படியென்றால் அவனுக்கு பாக்தாதிலும் ஓர் அம்மா இருக்கிறாள், பெயர் தெரியாமல்.

வேன் திரும்பி வந்தபோது ஃபாலிஹ் முதலில் இறங்கினான். முகத்தைப் பார்த்தேன். அவனாகவே சொன்னான்.

"உயிருக்கு ஒன்னுமில்ல அண்ணி. கட்டிய முழுசா எடுத்துட்டாங்க. உள்ள முடி இருந்துச்சு. தலையில இல்லாத முடி அங்க இருந்துச்சு." சிரிக்கப் பார்த்தான். "கண்ணு காஞ்சு புண்ணாகி அழுகிப்போச்சாம். வெச்சா மத்ததுக்கும் ஆபத்துன்னாரு. அதையும் சேத்து எடுத்துட்டாங்க. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா, அப்படின்னு ஆரம்பிச்சாரு டாக்டரு. அப்பறம் ஹஸ்னாவப் பாத்துட்டு நிறுத்திட்டாரு."

ஹஸ்னா வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள்.

"வார்டுல எல்லாரும் நல்லபடியாத்தான் பேசினாங்க," என்றான் ஃபாலிஹ். "இப்பவே கரீமுல் ஐன்னு கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க."

எங்கள் பக்கம் ஒற்றைக்கண்ணன் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். கரீமுல் ஐன், கண்ணைக் கொடையாகக் கொடுத்தவன், என்பார்கள். மரியாதைதான். கொடுத்தது யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

அன்றைக்கு மத்தியானம் முற்றத்து நிழலில் உட்கார்ந்து இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தேன். அவனை இப்போது எப்படி வேண்டுமானாலும் பிடிக்கலாம், எங்கேயும் முட்டவில்லை. ஒரு பக்கம் நஜ்லா, ஒரு பக்கம் அவன், முகத்துக்கு முகம். அவன் இடது பக்கம் முழுக்க வெள்ளைப் பஞ்சும் பிளாஸ்திரியும். ஹஸ்னா தந்தூர் முன்னால் நின்று ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். பாக்தாதிலிருந்து வந்த பிறகு அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நஜ்லாவின் பக்கம் திரும்பவும் இல்லை.

நஜ்லாவுக்கு எதைக் கண்டாலும் இழுக்கிற வயசு. குடித்துக்கொண்டே கையை நீட்டி, அந்த வெள்ளைப் பஞ்சின் ஓரத்தைப் பிடித்துவிட்டாள். என் இரண்டு கைகளும் நிறைந்திருந்தன, விலக்க முடியவில்லை. "ஏய், ஏய்," என்றேன்.

ஹஸ்னா திரும்பிப் பார்த்தாள். கை முழுக்க மாவு. முகம் அடுப்புச் சூட்டில் சிவந்திருந்தது. மருமவளே என்று அவள் வாய் ஆரம்பித்ததை நான் பார்த்தேன். உதடு சேர்ந்தது, அப்படியே நின்றது.

"விடுடி நஜ்லா," என்றாள். "தம்பிக்கு வலிக்கும்."

சொல்லிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பி, ரொட்டியை உள்சுவரில் அறைந்தாள். நஜ்லா விடவில்லை. பஞ்சைப் பிடித்தபடியே குடித்தாள். மைசம் மிச்சமிருந்த கண்ணை முழுக்கத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டு குடித்தான்.